தோல்முட்டைக் கொம்பு

அன்று காலை சோளத்தட்டுக் கட்டைத் தலையில் சுமந்துகொண்டு மான் பட்டிக்குள் நுழைந்தேன். பெரிய ஆண்மான் வழக்கம்போல வேலியோரம் எனக்காக நின்றுகொண்டிருந்தது. கட்டின் சலசலப்பைக் கேட்டதும் தலையைத் திருப்பியது. வலப்பக்கம் கொம்பு இருந்தது. இடப்பக்கம் இல்லை.

தலையிலிருந்த கட்டு கீழே போனது. நானும் அதன்மேல் உட்கார்ந்துவிட்டேன். கொம்பு இருந்த இடத்தில் பழைய ரூபாய்க் காசு அளவுக்கு ரத்தச் சிவப்பு. அதன்மேல் இரண்டு ஈ. மானோ ஒன்றுமே நடக்காததுபோல, நான் உட்கார்ந்திருந்த கட்டிலிருந்தே ஒரு தட்டை உருவி மென்றது.

சேலத்துப் பக்கம், மலையடிவாரத்தில் இருக்கிற சின்ன மான் பூங்கா அது. மூன்று ஆண்மான், பத்துப் பதினோரு பெண்மான், எல்லாமே புள்ளிமான்கள். நான் அங்கே தீவனம் வைக்கச் சேர்ந்தது ஆவணியில். அதற்கு முன்னால் புதுச்சத்திரத்துப் பக்கம் ஒரு கோழிப் பண்ணையில் பதினாலு வருசம் முட்டை பொறுக்கினேன். பொறுக்கிய முட்டைகள் எங்கெங்கோ போய்விட்டன, தூசி மட்டும் என் நெஞ்சிலேயே தங்கிவிட்டது. "இன்னும் ஒரு வருசம் இந்தத் தூசிய இழுத்தீங்கன்னா, அப்புறம் மாத்திரையோட நிக்காதுங்கம்மா" என்று டாக்டர் சொன்ன பிறகுதான் இந்த வேலைக்கு வந்தேன். அதுவும் தற்காலிகம். சில மாசம் பார்த்துவிட்டு நிரந்தரமாக வைத்துக்கொள்வதா, அனுப்புவதா என்று முடிவு செய்வதாக வனத்துறை ரேஞ்சர் சொல்லியிருந்தார். எட்டாவதோடு நின்றவளுக்கு வேறு யார் வேலை கொடுப்பார்கள்? இது போனால் திரும்பவும் கோழித் தூசிதான்.

இதில் என் சுபாவம் வேறு. கேஸை அணைத்தேனா என்ற சந்தேகத்தில் ஒருநாள் பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு ஓடியிருக்கிறேன். போய்ப் பார்த்தால் சிலிண்டரே முந்தின நாள் தீர்ந்துபோயிருந்தது. அப்படிப்பட்டவள் கண்முன்னால் ஒரு மானின் கொம்பு காணாமல் போனால் என்ன ஆகும்?

வேப்பமரத்தடியில் கிடந்தது கொம்பு. தூக்கினேன். என் முழங்கையிலிருந்து விரல்நுனி வரைக்கும், அதற்கு மேலும் கொஞ்சம் நீளம். மேலெல்லாம் நீளநீளமாகக் கோடு, மண்புழு ஊர்ந்த தடம் மாதிரி. அடியில் முடிச்சு முடிச்சாக ஒரு வளையம். வளையத்துக்குக் கீழே கரடுமுரடாக, மேடாக ஒரு வட்டம். அந்த வட்டத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துபோனது, இது உடைந்தது என்று. உடைத்தது யார்? முந்தின நாள் தீவனத் தொட்டியை வேலிப் பக்கம் நகர்த்தி வைத்தவள் நான். ஆகவே நான்தான்.

அதோடு இன்னொன்றும் ஞாபகம் வந்தது. கொம்பு, தோல், பல், நகம் எதை எடுத்தாலும் குற்றம் என்று வாசலில் ஒரு போர்டு இருக்கிறது. தினமும் காலையில் அதைத் துடைப்பதும் நான்தான். இப்போது கொம்பு என் கையில்.

பட்டியோரம் அடுக்கியிருந்த சோளத்தட்டுப் போருக்கு அடியில் சொருகிவிட்டேன்.

டிக்கெட் கவுண்டரில் உட்காரும் அக்கா டவுனிலிருந்து வருகிறவர். ஞாயிறு பூசை முடிந்து வந்தால் பூங்கா முழுக்க அவர் குரல்தான். அன்றைக்கு வந்ததும் வராததுமாக என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏண்டி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

"ஒண்ணுமில்லீங்க்கா. இன்னும் டீ குடிக்கல."

"கையில வெச்சிருக்கறது என்ன, தீர்த்தமா?"

பார்த்தால் என் கையில் டீ டம்ளர். எப்போது வாங்கினேன் என்றே தெரியவில்லை.

அன்று முழுக்க நான் செய்த வேலையை இப்போது நினைத்தாலும் சிரிப்பு தாங்கவில்லை. கொம்பு இருக்கிற பக்கம் மட்டும் ஜனங்களுக்குத் தெரியும்படி மானை நிறுத்தப் பார்த்தேன். இந்தப் பக்கம் ஆள் வந்தால் அந்தப் பக்கம் ஓடி அகத்திக்கீரையை ஆட்டுவேன். அந்தப் பக்கம் ஆள் வந்தால் இந்தப் பக்கம். மானுக்கு ஏக சந்தோசம், ஒரு மாசக் கீரையை ஒரே நாளில் தின்றது. நாமக்கல்லிலிருந்து வந்த ஒரு குடும்பம் மட்டும் நகரவே இல்லை.

"ஏனுங்க, இது ஒத்தைக் கொம்பு மானுங்களா?" என்றார் அந்தக் குடும்பத்துத் தலைவர்.

"சைடுல பாத்தா அப்படித்தானுங்க தெரியும்."

"நேராத்தானுங்களே பாக்கறேன்."

"வெயிலுங்க" என்றேன்.

மறுநாள் வலப்பக்கமும் விழுந்துவிட்டது. அதையும் தட்டுப் போருக்கு அடியில் தள்ளினேன். இரண்டு கொம்பும் போனதும் அந்தப் பெரிய ஆண்மான் மொட்டைபோட்ட மாப்பிள்ளை மாதிரி ஆகிவிட்டது. பெண்மான்களுக்கு நடுவில் போய் நின்றுகொண்டால் எனக்கே சட்டென்று அடையாளம் தெரியவில்லை. "ஏம்மா, போன வாரம் பெரிய கொம்பு வெச்ச மான் ஒண்ணு இருந்துச்சே?" என்று ஒருவர் கேட்க, என் வாயில் வந்தது "லீவுங்க" என்பதுதான். அவரும் தலையாட்டிவிட்டுப் போனார்.

பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தேன். தொட்டியில் இடித்திருந்தால் ஒரு கொம்பு போயிருக்கும். இரண்டும் போனதென்றால்? ராசிபுரம் தாண்டும்போது விடை கிடைத்துவிட்டது. பதினாலு வருசம் பார்த்த விசயம்தானே! பண்ணையில் கோழிக்குச் சுண்ணாம்புச் சத்து குறைந்தால் முட்டைக்கு ஓடு பிடிக்காது. வெறும் தோலோடு விழும். தோல்முட்டை என்போம். உடனே தீவனத்தில் கிளிஞ்சலைக் கூட்டுவார்கள், ஒரு வாரத்தில் ஓடு கெட்டியாகிவிடும். ஓடும் சுண்ணாம்பு, கொம்பும் சுண்ணாம்பு. மானுக்குச் சத்து போதவில்லை. இவ்வளவுதான்! எனக்குப் பறக்கலாம் போலிருந்தது. யாருக்கும் தெரியாமல் சரிசெய்துவிடலாம்.

பழைய பண்ணையில் போய் ஒரு பை கிளிஞ்சல் கேட்டு வாங்கினேன். "மானு முட்டை போடுதா அம்மிணி?" என்றார் தீவனம் கலக்குகிறவர். சிரித்துவிட்டு வந்துவிட்டேன். தவிட்டில் கலந்து வைத்ததும் மான் மூக்கை விட்டு மோந்து பார்த்து ஒரு தும்மல் போட்டது. என் முகம் பூராவும் தவிடு. ஆனாலும் தின்றது.

அன்றைக்கு என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். அவர் ரிக் வண்டியில் சத்தீஸ்கர் பக்கம் ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் ஓட்டிக்கொண்டிருந்தார். மிஷின் சத்தத்தில் பாதி வார்த்தை கேட்காது.

"ஏனுங்க, மானுக்குக் கொம்பு உழுந்திருச்சுங்க!"

"யாரு உழுந்தது?"

"கொம்புங்க! ரெண்டும்!"

சத்தம் கொஞ்சம் தள்ளிப் போனது. "அதுக்கேன் புள்ள அழுவுற? பாறையத் தொளைக்கற பிட்டு தேஞ்சாக் கழட்டிப் போட்டுட்டு வேற மாட்டறோமல்ல? அதாட்டம் மானும் மாட்டிக்கும்."

"வெளையாடாதீங்க. என்னைய ஜெயில்ல போட்டா உங்களுக்கு யாரு சோறாக்குவாங்க?"

"இப்பவும் நானேதான் ஆக்கித் தின்னுட்டு இருக்கறேன்" என்று சிரித்தார். மனுசனுக்கு எல்லாமே ரிக் வண்டிதான் என்று கோபத்தில் வைத்துவிட்டேன்.

இரண்டு வாரம் போயிற்று. காய்ந்துபோன காயத்தின்மேல் புதிதாக ஏதோ எழும்பியது. இரண்டு உருண்டை. சாம்பலும் பழுப்புமாக, பொடிமயிர் போர்த்தி, மின்னியது. அந்த மானைக் குட்டியில் புட்டிப்பால் கொடுத்து வளர்த்திருந்தார்கள், தொட்டால் ஒன்றும் செய்யாது. மெதுவாக விரலை வைத்தேன். சுட்டது. அப்போதுதான் பொரிந்த குஞ்சைக் கையில் எடுத்தால் இருக்குமே, அந்தச் சூடு. உள்ளே துடிப்பது விரலுக்குத் தெரிந்தது. அழுத்தினால் அமுங்கும்போல இருந்தது. ஆயிரக்கணக்கில் முட்டை பொறுக்கிய கை இது. சந்தேகமே இல்லை. தோல்முட்டை.

கிளிஞ்சலை இன்னொரு பிடி கூட்டினேன்.

மாதம் ஒருமுறை கால்நடை டாக்டர் வருவார். நாமக்கல்லில் படித்த சின்ன வயசுப் பெண். அந்த மாதம் ரேஞ்சரையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். டாக்டர் முதலில் மானைப் பார்க்கவில்லை, தொட்டியைப் பார்த்தார். தவிட்டை அள்ளி விரலிடுக்கில் ஒழுகவிட்டார்.

"இதென்னக்கா, தவிட்டுல நறநறன்னு?"

நான் தட்டுக் கட்டை அவிழ்ப்பதுபோலக் குனிந்துகொண்டேன்.

"கிளிஞ்சலாட்டம் இருக்குது. முட்டை போடற லேயர் கோழிக்குப் போடறதுல்ல இது?"

அதற்குமேல் தாங்கவில்லை. ஒன்றுவிடாமல் கொட்டிவிட்டேன். தொட்டியை நகர்த்தியது, அகத்திக்கீரையை ஆட்டியது, லீவு என்று சொன்னது, தோல்முட்டை, எல்லாம். டாக்டர் முதலில் உதட்டைக் கடித்துக்கொண்டு கேட்டார். 'லீவு' வந்ததும் தொட்டி விளிம்பிலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார். ரேஞ்சர் சிரிக்கவில்லை.

"கொம்பு எங்க?"

போருக்கு அடியிலிருந்து இழுத்தேன். முதல் கொம்பு வந்தது. இரண்டாவதும் வந்தது, ஆனால் நுனியைக் காணோம். எலி அரித்த தேங்காய் மாதிரி இருந்தது.

"நான் திங்கலீங்க" என்றேன்.

ரேஞ்சரே அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். டாக்டருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "தெரியும்க்கா, தெரியும். மான்தான் கடிச்சிருக்கும். உழுந்த கொம்ப மானே கடிச்சுத் திங்கும், அதுல இருக்கற சத்துக்காக. நீங்க தட்டுக்குள்ள வெச்சீங்க, அதுங்க தட்டோட சேத்து மென்னுருச்சுங்க."

கடித்த நுனியை என்னிடம் காட்டினார். சுற்றிலும் வெள்ளையாக, கெட்டியாக ஒரு சுவர். நடுவில் ரஸ்க்கை உடைத்ததுபோலப் பொடிப்பொடி ஓட்டை.

"பாருங்க, இது முழுக்க எலும்பு. மாட்டுக்கும் ஆட்டுக்கும் இருக்கறது வேற. அதுல உள்ள எலும்பு, மேல நகமாட்டம் ஒரு கூடு. ஆயுசுக்கும் உழாது. மானுக்கு வருசா வருசம் உழும், வருசா வருசம் மொளைக்கும். அடியில தலையெலும்போட ஒட்டற எடத்த உடம்பே அரிச்சு உட்டுரும். அப்புறம் ஒரு நாளைக்குத் தலைய ஆட்டினாப் போதும்."

"அப்ப நான் ஒடைக்கலீங்களா?"

"நீங்க கும்பிட்டுக் கேட்டிருந்தாலும் அது நின்னிருக்காது. ஆட்டுக் கொம்பாட்டம்னு நெனச்சுட்டீங்களாக்கா?"

"எங்கூட்டுல மேச்சேரி ஆடுங்க. அதுக்குக் கொம்பே கெடையாது. கோழிக்கும் கெடையாது. எனக்கு எப்படிங்க தெரியும்?"

டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மானின் தலையைக் காட்டினார். அந்த உருண்டைகள்தான் புதுக்கொம்பாம். மேலே போர்த்தியிருக்கிற தோலை வெல்வெட் என்பார்களாம். தோலுக்குள் ரத்தக்குழாய் ஓடி நுனிக்குத் தீனி கொடுக்க, நுனியில் முதலில் குருத்தாக வளர்ந்து, பின்னாலேயே எலும்பாகக் கெட்டிப்பட்டுக்கொண்டு போகுமாம். பழைய கொம்பின்மேல் இருந்த மண்புழுக் கோடெல்லாம் அந்த ரத்தக்குழாய்கள் பதிந்த தடமாம். எலும்பு முழுக்க முத்தியதும் ரத்த ஓட்டம் நின்று அந்தத் தோல் உரிந்துவிடுமாம்.

எனக்கு ஒரு சந்தேகம் உதைத்தது. "இத்தனை சுண்ணாம்பு எங்கிருந்துங்க வரும்? இந்தத் தட்டுல அவ்வளவு இருக்காதுங்களே?"

"தீனி பத்தலைன்னா அதோட வெலா எலும்புல இருந்து எடுத்துக்கும். அப்புறம் மெதுவா நிரப்பிக்கும்."

"கோழி ஓடு போடறதுக்குக் கால் எலும்புல இருந்து எடுக்குமுங்களே, அதாட்டமா?"

டாக்டர் சிரிப்பை நிறுத்தினார். "அதேதான்க்கா" என்றார் மெதுவாக. "அதே கணக்குத்தான். நீங்க தப்பான மருந்து குடுத்தீங்க, ஆனா ரொம்பத் தப்பா யோசிக்கல."

பதினாலு வருசக் கோழி வீண்போகவில்லை! ஆனால் ரேஞ்சர் அந்தச் சந்தோசத்தை நீடிக்க விடவில்லை. கொம்பு இரண்டையும் சாக்கில் போட்டுக் கட்டினார்.

"தெரியாததுக்கு நான் ஒண்ணும் சொல்லலம்மா. மறைச்சதுதான் தப்பு. இந்தத் தோலுக் கொம்பு பச்சப்புள்ள மாதிரி. இடிச்சா ரத்தம் கொட்டும், கோணலா வளரும். அது வளர்ந்து தோலுரியற வரைக்கும் பாக்கறேன். நல்லா வந்துச்சுன்னா இருங்க. இல்லேன்னா நீங்க பழைய வேலைக்கே போகலாம்."

அன்றிலிருந்து என் மூச்சு அந்த மானின் தலையில் முளைக்க ஆரம்பித்தது.

கிளிஞ்சலை நிறுத்தினேன். வேலிக் கம்பம் ஒவ்வொன்றுக்கும் பழைய சாக்கைச் சுற்றிக் கட்டினேன். கம்பி நீட்டிக்கொண்டிருந்த இடமெல்லாம் மடக்கிவிட்டேன். டிக்கெட் அக்கா வந்து இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தார்.

"என்னடி, வேலிக்கு வளைகாப்பா?"

"சிரிங்க்கா, சிரிங்க. இடிச்சுக்கிச்சுன்னா என் வேலை போயிரும்."

"மாதாகிட்ட சொல்லி வெக்கிறேன். அவங்களுக்கு இது புதுசா இருக்கும், மான் கொம்புக்கு யாரும் வேண்டியிருக்க மாட்டாங்க."

எந்த முட்டையும் என்னை அப்படிப் பார்க்க வைத்ததில்லை. உருண்டை நீண்டு கட்டைவிரல் ஆயிற்று. நெற்றிப் பக்கம் ஒரு கிளை பிரிந்தது. நடுத்தண்டு பின்னால் சாய்ந்து, அப்புறம் மனசு மாறி மேலே ஏறியது. நான் லீவு போட்டுவிட்டு ஒருநாள் கழித்து வந்தால் வித்தியாசம் தெரிந்தது. மார்கழிப் பனியில் மயிர்நுனியெல்லாம் முத்துமுத்தாக நீர்கோத்து நின்றது. நுனி மட்டும் உருண்டையாக, கொழுத்த மொட்டு மாதிரி, அங்கேதான் வளர்ச்சி. தை பிறக்கும் முன்னே அந்த மொட்டு இரண்டாகப் பிளந்தது. மானுக்கும் அதன் அருமை தெரிந்திருந்தது. தலையில் முட்டை அட்டையை அடுக்கிக்கொண்டு நடப்பவள்போல அன்னநடை நடந்தது. மற்ற ஆண்மான் முறைத்தால் கொம்பைக் காட்டாமல், பின்னங்காலில் எழுந்து முன்னங்காலால் குத்துவிட்டது. நான் கைதட்டினேன்.

பொங்கல் விடுமுறையில் கூட்டம் நெரிந்தது. யாரோ வைத்திருந்த பலூன் வெடித்தது. மான் துள்ளிய துள்ளலில், ஐயோ, சிமெண்டுத் தொட்டியில் இடது நெற்றிக்கிளை மோதியது. வேலிக்கெல்லாம் சாக்குக் கட்டியவள் தொட்டியை மறந்துவிட்டேன். ரத்தம் சொட்டியது.

என் கை தானாக முந்தானையைத் தேடியது, மறைப்பதற்கு. அப்புறம் போனைத் தேடியது. ரேஞ்சருக்கே அடித்தேன். "ஐயா, இடிச்சுக்கிச்சுங்க, தொட்டியில, என் தப்புத்தானுங்க" என்றேன். அந்தப் பக்கம் "ம்" என்றது. வைத்துவிட்டார். அந்த ஒரு 'ம்'மை வைத்துக்கொண்டு ஒரு மாசம் நான் பட்ட பாடு! கோபத்து 'ம்'மா, சரி என்கிற 'ம்'மா? டிக்கெட் அக்காவிடம் விதவிதமாகச் சொல்லிக்காட்டிக் கேட்டேன். டாக்டர் வந்து மருந்து போட்டுவிட்டு, "கிளை கொஞ்சம் வளையலாம்க்கா" என்று மட்டும் சொன்னார்.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தீவனம் கலக்கிக்கொண்டிருந்தேன். பட்டிப் பக்கம் ஒரே அலறல். ஓடினேன். மான் வேலியோரச் செடியில் தலையைத் தேய் தேயென்று தேய்த்துக்கொண்டிருந்தது. கொம்பிலிருந்து தோல் நாரு நாராகத் தொங்கியது. ரத்தம் கண்ணோரம் வழிந்தது. ஒரு ஆள் செல்போனில் படம் பிடித்துக்கொண்டே, "மானைக் கொல்றாங்க, பாரஸ்ட் ஆபீசுக்குப் போன் பண்ணிட்டேன்!" என்று கத்தினார்.

என் நெஞ்சு ஒரு தடவை உள்ளே போய் வந்தது. ஆனால் எனக்குத் தெரிந்த விசயம் அது! உலகத்தில் முதல்முறையாக எல்லாரும் பயந்து நிற்க, நான் பயப்படாமல் நின்றேன். அந்த மிதப்பில் வாய் திறந்துகொண்டது.

"பயப்படாதீங்க, தோலுரியுதுங்க! உள்ள எலும்பு முத்திப்போச்சு, ரத்த ஓட்டம் நின்னுபோச்சு, வழியறது தோல்ல மிஞ்சுனதுதான், தோல் காஞ்சு அரிக்குது, அதான் தேய்க்குது!"

"வலிக்காதுங்களா?" என்றார் ஒரு அம்மா.

"வளர்றப்ப இடிச்சாத்தானுங்க வலி. இப்ப நம்ம நகத்த வெட்டறாப்பல, ஒண்ணும் தெரியாது. உள்ள ஓட்டை ஓட்டையா, வெளிய கெட்டியா, ரஸ்க்கைக் கல்லுச் சுவத்துக்குள்ள வெச்சாப்பல..."

மான் தொங்கிய தோலை நாக்கால் இழுத்துத் தின்னத் தொடங்கியது. கூட்டம் "ச்சீய்" என்று அலறியது.

"தின்னட்டுமுங்க, அதோட சொத்து அதுக்கு!" என்று நான் கத்த, கூட்டமே சிரித்தது. விலா எலும்பு, கோழியின் கால் எலும்பு, மேச்சேரி ஆடு என்று எங்கெங்கேயோ போய்க்கொண்டிருந்தேன். அப்போதுதான் பார்த்தேன். டிக்கெட் அக்காவுக்குப் பக்கத்தில் ரேஞ்சர். எப்போது வந்தார் என்று தெரியாது. கூட்டம் வழிவிட, வேலியருகே வந்து மானையே வெகுநேரம் பார்த்தார்.

"இடது பக்கம் முன்கிளை வளைஞ்சிருக்கு."

"ஆமாங்கய்யா. அன்னிக்கு இடிச்சதுங்க."

"தொட்டிக்கு ஏன் சாக்குக் கட்டல?"

"தோணலீங்க. வேலி, மரம், கம்பி எல்லாம் நெனச்சனுங்க. தொட்டி மட்டும் தோணல."

மறுபடியும் அந்த 'ம்'. என் காது இரண்டும் அடைத்துக்கொண்டன. அவர் திரும்பி நடந்தார். நாலடி போய்விட்டு, திரும்பாமலே சொன்னார்.

"அடுத்த வருசம் தொட்டிக்கும் சேத்துக் கட்டிருங்கம்மா."

"சரிங்கய்யா" என்றேன். சாக்கு எத்தனை வேண்டும், தொட்டியின் சுற்றளவு என்ன என்று மனசு அளக்கத் தொடங்கிவிட்டது. டிக்கெட் அக்காதான் என் கையில் நறுக்கென்று கிள்ளினார்.

"அடியே, என்ன சொன்னாருன்னு காதுல உழுந்துச்சா?"

"தொட்டிக்குச் சாக்கு..."

"அடுத்த வருசம்னாருடி!"

கால் தரையில் இல்லை. அக்காவைத் தூக்கிச் சுற்றலாம் போலிருந்தது, அவர் எடைக்கு அது நடக்காது. இரண்டு பேரும் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். எனக்கு இளைப்பு வரவே இல்லை. அந்த நேரத்தில் மான் ஓங்கி ஒரு இழுப்பு இழுத்தது. செடி வேரோடு கையில், இல்லை, கொம்பில் வந்துவிட்டது. பச்சையும் பூவுமாகத் தலைமேல் தோட்டத்தை வைத்துக்கொண்டு அது பட்டியைச் சுற்றி ஓட, பெண்மான்கள் நாலாபக்கமும் சிதற, எனக்குப் பகீரென்றது. அது ரேஞ்சர் தன் கையால் நட்ட செம்பருத்தி.

"சாமி! நில்லு சாமி! அதைக் குடுத்துரு சாமி!" என்று கதவைத் திறந்துகொண்டு பின்னால் ஓடினேன்.